என் வயதில் இரண்டைக் குறைத்தவர்கள்

1

சென்ற மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலை செய்யும் விளையாட்டரங்கில் எனக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். ஆப்பிள் வைத்துச் சுட்ட கேக், அதன் மேல் ஆறும் நாலுமாக இரண்டு மெழுகுவத்திகள். அன்று என் பிறந்தநாள் இல்லை. என் வயதும் அறுபத்து நாலு இல்லை, அறுபத்தாறு. ஜெர்மனியில் இந்தச் சின்ன ஊருக்கு நான் வந்து நாற்பது வருடம் ஆகிறது. நாற்பது வருடமாக இவர்கள் தப்பான நாளில் என் கையைக் குலுக்கித் தப்பான எண்ணிக்கையில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், நானும் இளித்துக்கொண்டே ஊதுகிறேன். இந்த முறை இளிக்க முடியவில்லை. வலது முழங்கால் வீங்கி, பேன்ட்டைத் தைத்தவன் கணக்கில் எடுத்துக்கொள்ளாத அளவுக்குப் பெருத்திருந்தது.

ஊரில் இருக்கும் நீங்கள் இதைப் படித்துவிட்டு, கேக் வெட்டுகிற ஆபீஸில் இருக்கிறவனுக்கு என்ன குறை என்பீர்கள். என்ன ஆபீஸ் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்கு அரங்கின் கதவைத் திறக்கிறேன். மூன்று மைதானங்களின் மரத்தரையையும் துடைக்கிறேன். ஏணியில் ஏறிக் கூடைப்பந்து வலையை மாற்றுகிறேன். கழிவறைக் காகிதம் தீர்ந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் இதே அரங்கில், இதே கூடையின் கீழ், சம்பளம் வாங்கிக்கொண்டு பந்து ஆடியவன் நான். அந்த அணியின் படம் தாழ்வாரத்துச் சுவரில் இருக்கிறது. பின்வரிசையில் கறுப்பாக, ஆறடி நான்கு அங்குலத்துக்கு ஒல்லியாக நிற்பவன் நான்தான். இப்போது பயிற்சிக்கு வரும் தடியன்கள் அந்தப் படத்தை ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. தண்ணீர் பாட்டிலைத் தரையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு நான் சாவிக்காரக் கிழவன்.

இந்த நாட்டில் என் வயதுக்காரனை வேலையிலிருந்து விடுவித்துப் பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நிஜ வயதுப்படி எனக்கு இந்த வருடமே ஓய்வு. காகிதத்து வயதுப்படி இன்னும் இரண்டு வருடம் ஏணி ஏற வேண்டும். என் மனைவி லால்குடிக்காரி. போன வருடமே ஓய்வு பெற்று, ஜன்னலோரம் உட்கார்ந்து காபி குடிக்கிறாள். அவள் பந்து ஆடவில்லை, அதனால் அவள் பிறந்த தேதியில் யாரும் கை வைக்கவில்லை.

2

இதை முதலில் கண்டுபிடித்துக் கேட்டவள் என் மகள் ஜூலி. வேறு நகரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. அவள் என்னிடம் ஜெர்மனில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். இருவரும் பாதியைப் புரிந்துகொண்டு மீதியை விட்டுவிடுவோம். அப்படித்தான் முப்பத்தோரு வருடம் ஓடியிருக்கிறது. அன்று மட்டும், புரியாமல் போய்விடக் கூடாது என்று, சின்ன வயதில் பேசிய தமிழைத் தேடி எடுத்துக் கேட்டாள்.

"அப்பா, டேட் ஆஃப் பர்த் பொய். யார் சொன்ன பொய்?"

"எங்க மாஸ்டர்."

"நீ இல்ல?"

"நான் சின்னப் பையன்மா. எனக்கு என்ன தெரியும்?"

சரி என்று விட்டுவிட்டாள். அவளே பென்ஷன் அலுவலகத்தில் எனக்கு நேரம் வாங்கிக் கொடுத்தாள். கூட வருகிறேன் என்றவளிடம் வேண்டாம் என்றேன். நாற்பது வருடமாக இந்த மொழியைப் பேசுகிறேன் என்ற திமிர். போய் உட்கார்ந்ததும் அந்தத் திமிருக்குக் கூலி கிடைத்தது. என் தேதி தவறானது என்று சொல்ல நினைத்து, கள்ளத்தனமாகத் தயாரிக்கப்பட்டது என்று பொருள் வரும் சொல்லைச் சொல்லித் தொலைத்தேன். தட்டச்சு செய்துகொண்டிருந்த அதிகாரி அம்மாள் விரல்களைத் தூக்கிக்கொண்டாள். என் மகள் வயதுதான் இருக்கும்.

"தவறானதா, போலியானதா? இரண்டும் வேறு வேறு படிவம்," என்றாள்.

தவறானது என்றேன். அவளுக்கு அதில் கோபமும் இல்லை, அனுதாபமும் இல்லை. இங்கே அரசாங்க அலுவலகங்களில் எனக்குப் பற்றிக்கொண்டு வருவதே இதனால்தான். நம்மூர் ஆபீசர் திட்டவாவது திட்டுவான். இவள் விதியை வாசித்தாள். வேலைக்குச் சேரும்போது முதன்முதலாக நான் எந்தத் தேதியைச் சொன்னேனோ அதுதான் என் தேதி. பிறகு ஆண்டவனே இறங்கி வந்து சொன்னாலும் மாறாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. நான் அந்தத் தேதியைச் சொல்வதற்கு முன்பே எழுதப்பட்ட ஏதாவது ஒரு பழைய ஆவணத்தில் வேறு தேதி இருந்தால் அதைக் கொண்டுவரலாம்.

"அப்படி ஏதாவது இருக்கிறதா?"

இருந்தது. திருச்சியில், எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த பங்குக் கோயிலின் பதிவேட்டில், நான் பிறந்த பத்தாம் நாள் சாமியார் தன் கையால் எழுதிய வரி. நான்கு பக்கப் படிவத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

3

மாஸ்டர் என்று நான் சொல்வது தாமோதரன் மாஸ்டரை. பாலக்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். கூடைப்பந்தில் அவர் பள்ளியை ஜெயிக்க அந்தக் காலத்தில் ஜில்லாவில் ஆள் கிடையாது. காரணம் எளிது. மற்ற பள்ளிகளில் பையன்கள் ஆடினார்கள், அவர் பள்ளியில் ஆண்கள் ஆடினார்கள்.

என்னை அவர் பிடித்தது பஸ் ஸ்டாப்பில். ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன், ஆறடி வளர்ந்திருந்தேன். அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசினார். பையனைத் தன் பள்ளியில் சேர்த்தால் பின்னால் சர்க்கார் வேலை நிச்சயம், ஆனால் இரண்டு வயது குறைக்க வேண்டும் என்றார். அப்போதுதான் பதினாறு வயதுக்கு உட்பட்டோர் அணியில் வருடக்கணக்காக ஆட முடியும். வருடத்தை மட்டும் மாற்றினால் சந்தேகம் வருமாம், அதனால் மாதத்தையும் மாற்றினார். அப்பா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அதைச் சொன்னாரா என்று கடைசி வரை நான் கேட்கவில்லை. ஒன்பது முடித்தவன் மறுபடி எட்டாம் வகுப்பில், முட்டி இடிக்கும் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

போட்டிக்கு முதல் நாள் மாஸ்டர் சலூன்காரரைப் பள்ளிக்கே வரவழைப்பார். வரிசையில் நின்று மீசையை மழித்துக்கொள்ள வேண்டும். எனக்கும் ரங்கராஜனுக்கும் கால் முடியையும் மழிப்பார்கள். ரங்கராஜன் ஸ்ரீரங்கத்துப் பையன், சித்திரை வீதி. பந்தைத் தட்டிக்கொண்டு அவன் போனால் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அவனுக்கும் இரண்டு குறைத்திருந்தது. பன்னிரண்டு பேர் அணியில் ஒருவனைத் தவிர எல்லோருக்கும் குறைத்திருந்தது. அதை நாங்கள் மோசடி என்று நினைக்கவில்லை, ஷூ லேஸ் கட்டுவது மாதிரி அதுவும் ஒரு ஏற்பாடு.

மாஸ்டர் சொன்னபடியே நடந்தது. மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழ் கிடைத்தது. அதைக் காட்டி எனக்கும் ரங்காவுக்கும் ஒரு மத்திய அரசுத் துறையில், விளையாடுகிறவர்களுக்கென்று ஒதுக்கிய வேலை கிடைத்தது. காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, பத்து மணிக்கு மைதானம். கூட இருந்த குமாஸ்தாக்கள் எங்களைப் பார்த்து வயிறெரிந்தார்கள். எரியட்டும் என்று இருந்தோம். எங்கள் துறை அணி ஒரு நட்புப் போட்டிக்காக ஜெர்மனி வந்தது. இந்த ஊர் கிளப் ஒன்றின் செயலாளர் என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, வயது என்ன என்பதுதான். இருபத்து நாலு என்றேன். இருபத்தாறு என்றிருந்தால் யோசித்திருப்பார்.

நான்கு சீசன் இரண்டாம் டிவிஷனில் ஆடினேன். வெளியூர் ஆட்டங்களில் நான் பந்தைத் தொட்டாலே குரங்கு மாதிரிக் குரல் கொடுக்கும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் கூடையிலேயே இருபத்தெட்டு புள்ளி போட்ட நாளும் உண்டு. ஐந்தாவது சீசனில் முழங்கால் போயிற்று. கிளப் என் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அரங்கின் சாவியைக் கொடுத்தது. ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரனின் வாழ்க்கை வரலாறு இவ்வளவுதான், வேண்டுமானால் கட் அவுட் வைத்துக்கொள்ளுங்கள்.

4

திருச்சி விமான நிலையத்துக்கு ரங்கா காரோடு வந்திருந்தான். வாட்ஸப்பில் நான் உளறியிருந்ததால் எதற்கு வந்திருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும்.

"வாடா ஆரோக்யம். ஏண்டா இப்படி நொண்டறே?"

"உங்க மாஸ்டரைக் கேளு."

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா? மாஸ்டருக்கு எண்பது முடியறது. நாளன்னிக்கு ஸ்ரீரங்கத்துல மண்டபம் பிடிச்சிருக்கோம். பசங்க எல்லாரும் வரா. நீ வேற சரியான நேரத்துக்கு வந்திருக்கே."

பசங்க என்று அவன் சொன்னது, என்னையும் சேர்த்து, அறுபதைத் தாண்டிய பதினோரு பேரை. மாஸ்டரின் எண்பது மட்டும் அப்பழுக்கில்லாத எண்பது. நட்சத்திரம் பார்த்துச் செய்கிற காரியமாயிற்றே, தனக்கு ஒரு நாள்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை அந்த மனிதர்.

மறுநாள் காலை பங்குக் கோயில் அலுவலகத்தில் ஒரு மணி நேரத்தில் என் வேலை முடிந்தது. அங்கிருந்த பெண் தடித்த பதிவேட்டைப் புரட்டி, என் பெயரையும் அப்பா பெயரையும் கண்டுபிடித்து, நகல் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தாள். மாஸ்டரின் கை எட்டாத ஒரே புத்தகம் அது. வெளியே காரில் காத்திருந்த ரங்கா காகிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை. காவேரிப் பாலத்தில் நெரிசலில் நின்றபோதுதான் வாயைத் திறந்தான்.

"அந்தப் பேப்பரை அங்க குடுத்தா அவன் அப்படியே வெச்சுப்பானா, இங்க எழுதி விசாரிப்பானா?"

"விசாரிச்சாலும் விசாரிப்பான்."

"யார்கிட்ட?"

"ஸ்கூலுக்கு எழுதுவான். நாம வேலை பாத்த டிபார்ட்மென்ட்டுக்கு எழுதுவான்."

"ரெகார்டைத் தொறந்தா உன் பேர் மட்டுமா இருக்கும்? அடுத்த வரி நான்தானேடா."

"அதுக்கு?"

"அதுக்கா? எனக்கு ரெண்டு வருஷம் சர்வீஸ் கூடக் கெடச்சுது. அதுல ஒரு பிரமோஷன் வந்தது. அதுல பென்ஷன் ஏறித்து. ஆத்துக்காரிக்கு வாரத்துக்கு ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. எல்லாம் டிபார்ட்மென்ட் கார்டுலதான் ஓடறது. பெருமாள் குடுத்த ரெண்டு வருஷம்னு நெனச்சுண்டிருக்கேன்."

"பெருமாள் குடுக்கல ரங்கா. மாஸ்டர் குடுத்தாரு."

"பெருமாள் எந்த ரூபத்துல வருவார்னு நீயும் நானும் சொல்ல முடியுமா? ஒனக்கு வேணாம்னா விடு. எங்களுக்குக் கெடச்சதுல கை வெக்காதே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊரில் தங்கியவனுக்கு வயது குறைந்ததால் வேலை நீண்டது, சம்பளம் நீண்டது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போடும் வேலை இரண்டு வருடம் கூடினால் யாருக்குக் கசக்கும்? வெளியே போன எனக்கு அதே இரண்டு வருடம் ஏணியாகவும் வாளியாகவும் வந்திருக்கிறது. மாஸ்டருக்கு இவர்கள் ஏன் மண்டபம் பிடிக்கிறார்கள் என்பது புரிந்தது. இத்தனை வருடம் பழகியும் அந்த நிமிடத்தில் ரங்காவின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவன் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

5

மண்டபத்தில் நாதஸ்வரம், ரவா கேசரி, மாஸ்டருக்கு ஆளுயர மாலை. மற்ற பத்துப் பசங்களும் கறுப்புச் சாயம் பூசிய தலையோடு வந்திருந்தார்கள். வயதைக் குறைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. சால்வை போர்த்த என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து இதற்காகவே வந்திருக்கிறான் என்று மைக்கில் சொன்னார்கள். மறுக்கலாமென்று பார்த்தேன், கை தட்டிவிட்டார்கள்.

குனிந்து போர்த்தும்போது மாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி இன்னும் இரும்பு.

"எல்லாம் கேள்விப்பட்டேன். வேணாம்பா."

"உங்களால நான் இன்னும் ரெண்டு வருஷம் தரை தொடைக்கணும் மாஸ்டர்."

"அந்தத் தரை ஒனக்குக் கெடச்சதே என்னாலதானே," என்றார் சிரித்துக்கொண்டே.

இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தேன். பிறகு அவர் பேசினார். எண்பது வயதிலும் குரல் மைதானத்துக் குரல்தான்.

"நம்ம பசங்களை நிக்க வெச்சு சொல்லுவேன். டேய், உங்க எல்லாருக்கும் ஒரே வயசு, எவனும் எவனுக்கும் பெரியவன் கெடையாதுன்னு. எல்லாரும் கேட்டாங்க. ஒருத்தன் மட்டும் கேக்கல. உறையூர்ப் பையன், செவந்திலிங்கம்னு பேரு. டீம்லயே அவன் ஒருத்தனுக்குத்தான் நெஜமாவே பதினஞ்சு வயசு. மத்தவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு வாய் வரல. அண்ணே பாஸ் போடுங்கண்ணே, அண்ணே இந்தப் பக்கம் வாங்கண்ணேன்னு கோர்ட் முழுக்கக் கத்தறான். தஞ்சாவூர் மேட்ச்ல டேபிள்ல இருந்த ஆபீசர் என்னைக் கூப்பிட்டாரு. என்ன மாஸ்டர், ஒரே வயசுங்கறீங்க, ஒருத்தன் மட்டும் தம்பி, மத்த பதினோரு பேரும் அண்ணனா இருக்காங்களேன்னாரு."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

"எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். பழக்கத்தை மாத்திக்க முடியல அவனால. என்ன பண்றது? ஸ்டேட் மேட்ச்சுக்குக் கெளம்பறப்ப, ஜங்ஷன்ல ரயில்லேருந்தே எறக்கி விட்டேன். ஒரு அண்ணே பதினோரு பேரையும் காலி பண்ணியிருக்கும்."

மறுபடி சிரிப்பு. ரங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நல்லவன் என்பதால் அல்ல, அந்தப் பையனை நான் சுத்தமாக மறந்திருந்தேன், அதனால். காய்ச்சல் வந்து கடைசி நேரத்தில் வராமல் போனவன் என்று ஏதோ ஒரு மூலையில் நினைவு. இடது ஓரத்திலிருந்து அவன் பந்தை விட்டால் வளையத்தில் படாது, வலைச் சத்தம் மட்டும் கேட்கும். எங்கள் பன்னிரண்டு பேரில் அந்தக் கை வேறு யாருக்கும் கிடையாது.

சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரனிடம் அவனைப் பற்றிக் கேட்டேன். மன்னார்புரத்தில் ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேனாக இருக்கிறான் என்றான். விழாவுக்கு யாரும் சொல்லவில்லையாம். எதற்குச் சொல்ல வேண்டும், அவன்தான் ஸ்டேட் ஆடவில்லையே என்றான்.

6

மறுநாள் காலை தனியாக டவுன் பஸ் பிடித்துப் போனேன். அவனைப் பார்த்து ஆறுதல் சொல்லப் போனேன் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. மாஸ்டர் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்துக்குக் கூட்டாளி ஒருவன் கிடைத்தான் என்றுதான் போனேன். இரண்டு பேராகச் சேர்ந்து அந்தக் கிழவரைத் திட்டலாம் என்று இருந்தது.

அபார்ட்மென்ட் கேட் அருகே பிளாஸ்டிக் நாற்காலி, மேஜையில் வருகைப் பதிவேடு. நீலச் சட்டை தொளதொளத்த ஒருவன் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றான். தலை முழுக்க நரை, சாயம் எதுவும் இல்லை.

"யாரைப் பாக்கணும் சார்?"

"உன்னைத்தான் செவந்தி."

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். உயரத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

"ஆரோக்கியண்ணனா? வாங்கண்ணே. உக்காருங்க."

இருந்த ஒரே நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டு நின்றான். நான் நேற்று நடந்ததைச் சொன்னேன். மாஸ்டர் மேடையில் சொன்னதை, எல்லோரும் சிரித்ததை, ஒன்று விடாமல். அவன் முகம் மாறும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மாறவில்லை. ஒரு கார் வந்தது. போய் கேட்டைத் திறந்து, சல்யூட் வைத்து, மூடிவிட்டு வந்தான்.

"எண்பது ஆயிடுச்சா மாஸ்டருக்கு? நல்லா இருக்காரா?"

"அவரு நல்லா இல்லாம? நீ என்னப்பா பண்ணே அதுக்கப்புறம்?"

"ஸ்போர்ட்ஸ்ல வேலை கெடைக்கும்னு ரெண்டு மூணு வருஷம் அலைஞ்சேண்ணே. ஸ்டேட் ஆடின சர்டிபிகேட் இருக்கான்னுதான் முதல்ல கேட்டாங்க. இல்லேன்னதும் அப்புறம் எவன் நிக்க வெச்சுப் பேசுவான்? பஸ்ல கண்டக்டரா இருந்தேன், மில்லுல இருந்தேன். இப்ப இது. அறுபத்து நாலு ஆவுது, நிக்க முடியற வரைக்கும் நிக்கலாம்னு இருக்கேன்."

அறுபத்து நாலு. என் கேக்கில் வைத்திருந்த எண். ஆனால் இவனுக்கு அது நிஜம், இவனை விடுவித்து வீட்டுக்கு அனுப்ப எந்த நாட்டிலும் எந்த விதியும் கிடையாது. நான் எதற்காக ஊருக்கு வந்தேன் என்று அவன் கேட்டான். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. முழங்காலையும் பென்ஷன் அலுவலகத்தையும் சட்டைப் பையிலிருந்த நகலையும் பற்றிச் சொன்னேன். ரங்கா தடுப்பதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"நல்ல ஊருதாண்ணே அது. தப்பாப் போட்ட தேதியைத் திருத்தறதுக்குன்னு ஒரு ஆபீஸ் வெச்சிருக்கான்." கேட் தாழ்ப்பாளை ஒருமுறை ஆட்டிப் பார்த்தான். "போட்டுருங்க. இந்தக் காலை வெச்சுக்கிட்டு எதுக்கு ஏணி ஏறிக்கிட்டு?"

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். அந்த நிதானம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அவனையாவது கிளறிவிட வேண்டும் என்று கேட்டேன்.

"அன்னைக்கு ஒனக்குக் காய்ச்சல்னுல்ல எங்க கிட்ட சொன்னாங்க? அதனாலதான் வரலேன்னு நெனச்சேன். இப்படி எறக்கி விட்டது எனக்குத் தெரியாதுப்பா."

செவந்தி முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தான். கோபமாக இல்லை. உண்மையிலேயே குழம்பியிருந்தான்.

"காய்ச்சலா? எனக்கு எங்கண்ணே காய்ச்சல் வந்துச்சு? மாஸ்டர் எறங்குடான்னாரு. எறங்கிட்டேன். பை உள்ளேயே மாட்டிக்கிச்சு. நீங்கதானே ஜன்னல் வழியா எடுத்துக் குடுத்தீங்க."

மேஜையிலிருந்த வருகைப் பதிவேட்டை நகர்த்தி வைத்தேன்.

"நான் அழுதுக்கிட்டு நின்னேன். வீட்டுல கேப்பாங்கண்ணே, என்னன்னு சொல்லட்டும்னு உங்களைத்தான் கேட்டேன். காய்ச்சல்னு சொல்லிக்கடான்னு நீங்கதான் சொன்னீங்க. அப்படித்தான் சொன்னேன் வீட்டுல. எங்கப்பா சாகற வரைக்கும் காய்ச்சல்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தாரு."

இன்னொரு கார் வந்து ஹாரன் அடித்தது. அவன் போய்க் கேட்டைத் திறந்தான். அது உண்மைதான் என்பது மெதுவாக எனக்குள் ஏறியது. காக்கி நிறப் பை. வார் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. ஜன்னல் கம்பிக்கு நடுவே அது நுழையாமல், நான் பக்கவாட்டில் திருப்பித் திருப்பித் தள்ளியிருக்கிறேன். ரயில் புறப்படப் போகிறதே என்ற அவசரம். அவன் போய்விட்டால் இடது ஓரத்தில் ஆட என்னைத்தான் மாஸ்டர் இறக்குவார் என்ற கணக்கு. மோசடியைப் பற்றி எதுவும் தெரியாத சின்னப் பையன் நான் இல்லை. அந்த அணியில் எதுவும் தெரியாத சின்னப் பையன் ஒருவன்தான் இருந்தான். அவன் வெளியே பிளாட்பாரத்தில் நின்றான்.

கிளம்பும்போது என்ன பேசினோம் என்று நினைவில்லை. பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து விடுகிறேன் என்றான். டியூட்டியில் இருப்பவன் வர வேண்டாம் என்றேன். உங்க காலு இப்படி இருக்கேண்ணே என்று ஆட்டோவைக் கூப்பிட்டு நிறுத்தி ஏற்றிவிட்டான்.

7

திரும்பி வந்து நான்கு மாதம் ஆகிறது. ஞானஸ்நான நகல் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. படிவத்தில் மூன்று பக்கம் நிரப்பிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. தவறான தேதி எப்படி, யாரால் உண்டானது, அது தவறு என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது என்று மூன்று வரி விட்டுக் கேட்டிருக்கிறார்கள். திருச்சிக்குப் போவதற்கு முன்பு அந்த மூன்று வரியை எழுதியிருந்தால் மூன்று நிமிடத்தில் முடித்திருப்பேன். மாஸ்டர், அப்பா, பள்ளிக்கூடம் என்று ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை.

திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாஸ்டர் மேல் எனக்கு இருந்த வெறுப்பில் ஒரு துளியும் குறையவில்லை. ரங்கா அனுப்பும் காலை வணக்கப் பெருமாள் படங்களைத் திறக்காமலே அழிக்கிறேன். இங்கே தரையில் கிடக்கும் பாட்டில்களைக் குனிந்து எடுக்கும் ஒவ்வொரு தடவையும் வாய்க்குள் தமிழில் கெட்ட வார்த்தை சொல்கிறேன். ஏணியில் நாலாவது படியில் கால் வைக்கும்போது, போய்த் தொலையட்டும், இன்றைக்கே தபாலில் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. அந்த இரண்டு வருடம் எனக்கு வேண்டும். இன்றும் வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜூலி போன் செய்தாள்.

"பேப்பர் அனுப்பிச்சியா?"

"இல்லம்மா."

"ஏன்?"

ரங்கா பயப்படுவதை முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன். நான் யோசிப்பதற்குள் அவளே கேட்டாள்.

"ரங்கா மாமா பென்ஷன் போகும்னா?"

"ஆமாம்," என்றேன்.

ஜெர்மனில், நல்ல அப்பா என்றாள். சின்ன வயதுக்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் என்னிடம் சொன்னதில்லை. மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

அவளுக்குத் தமிழ் போதாது, எனக்கு ஜெர்மன் போதாது, அதனால் நிஜக் காரணத்தைச் சொல்ல முடியவில்லை என்று இங்கே எழுதி முடித்துவிடலாம். ஊரில் நீங்களும் உச்சுக் கொட்டுவீர்கள். ஆனால் ஒரு பையனின் பையை ரயில் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன் என்பதற்கு இரண்டு மொழியிலும் நாலு வார்த்தை போதும். சொன்னால் அவள் உடனே புரிந்துகொள்வாள். அதனால்தான் சொல்லவில்லை.